கரிசல் அடுப்புக்குக் கடல் வந்த வழி: பரளச்சி வட்டாரக் கருவாட்டுக் குழம்பு

திருச்சுழி வட்டத்துப் பரளச்சியிலும் அதனைச் சூழ்ந்த மானாவாரி ஊர்களிலும் ஒரே மண்சட்டியில் ஆக்கி இறக்கப்படும் கருவாட்டுக் குழம்பு, ஒரு குடும்பத்தின் இரவுச் சோற்றுக்கு வேண்டிய புலால், காய், பயறு, புளிப்பு, உறைப்பு அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் உணவாகும். கடல் இவ்வூர்களின் கண்ணுக்கு எட்டாதது. கண்மாய்களோ ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிக் கோடை தொடங்குமுன் பெரும்பாலும் வற்றிவிடுபவை. நீர் வற்றும்போது ஊர் கூடி மீன் பிடிக்கும் சில நாட்களில் கெண்டையும் கெளுத்தியும் வீடுதோறும் மலிந்து கிடக்கும் என்றாலும், ஆண்டின் எஞ்சிய காலத்திற்கு இந்நிலம் மீனுக்காக மன்னார் வளைகுடாவையே நம்பியிருந்தது. அந்த மீன் உள்நாட்டு அடுப்பை எவ்வாறு வந்தடைந்தது என்று தேடுபவர் முதலில் உப்பின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

சங்கப் பாடல்கள் உமணர் எனப்படும் உப்பு வணிகரைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி, மனைவி மக்களோடு கூட்டமாகப் பாலையையும் முல்லையையும் கடந்து சென்ற இவர்கள், உப்புக்கு ஈடாக நெல்லைப் பெற்றனர். மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென வண்டியின் அடியில் அவர்கள் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை, ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு (102) உவமையாக ஆள்கிறது. ஓர் உவமையாகும் அளவுக்கு அந்த வண்டியும் அந்த வழியும் மக்களுக்குப் பழகியிருந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது. மீனை உலர்த்தி உண்ணும் வழக்கமும் அதே காலத்தது; சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் பாணர்க்குக் கிடைக்கும் விருந்து, உலர்ந்த குழல் மீனைச் சுட்டது. உப்பு சென்ற தடத்தில் உப்பிட்ட மீனும் சென்றிருக்கும் எனக் கொள்வது மிகையாகாது, ஏனெனில் பச்சை மீன் ஒரு பகல் வெயிலையும் தாங்காது. கருவாடோ மாதக்கணக்கில் கெடாது, எடையும் குறைவு.

மன்னார் வளைகுடாக் கரையின் வேம்பார், மூக்கையூர், வாலிநோக்கம் போன்ற ஊர்களில் கருவாடு போடும் முறை மீனுக்கு மீன் வேறுபடும். நெத்திலி போன்ற பொடி மீன்கள் உப்பிடாமலே வெயிலில் உலர்த்தப்படும். சீலா, பாறை, சுறா போன்ற தசை மிகுந்தவை கீறி, குடல் நீக்கி, உப்பைத் திணித்து ஊறவைத்த பின்பே வெயிலுக்கு வரும். தென்கடற்கரைக்கே உரிய மூன்றாவது முறை ஒன்றும் உண்டு: உப்பிட்ட மீனைப் பனையோலைப் பாயில் சுருட்டி மணற்குழியில் சில நாட்கள் புதைத்து வைத்துப் பதப்படுத்துவது. இவ்வகைக் குழிக் கருவாடு முழுதும் காயாமல் மெத்தென்றிருக்கும். அதன் கடுமணத்தை விரும்பியே வாங்குவோர் உண்டு. உப்பு இதே கரையில் விளைவது. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இன்றும் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் இயங்குகின்றன.

இந்த வழக்கம் இடையில் பெரிய இடர் ஒன்றையும் கடந்து வந்திருக்கிறது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாக்கப்பட்டு, பின்னர் வரியும் ஏறியபோது, கடலோரத்தில் காலடியில் கிடந்த உப்பை அள்ளுவதே குற்றமாயிற்று. மீனின் விலையைவிட அதற்கு இடும் உப்பின் விலை பாரமாகவே, உவர்மண்ணைப் பூசி மீனைக் காயவைக்கும் நிலை வந்தது. இந்திய மீனினங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே, 1873ஆம் ஆண்டு அறிக்கையில் உப்பு வரிக்கும் மீன் பதப்படுத்தலின் நலிவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். அரசு பின்னர் மீனுப்பு முற்றங்களை, அதாவது வரியில்லா உப்பைக் கொடுத்துக் காவலுக்குள் மீனைப் பதப்படுத்த விடும் வேலியிட்ட வளாகங்களை, கரை நெடுக அமைத்தது. 1907இல் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் உருவான சென்னை மீன்துறை இவற்றைச் சீர்திருத்த முனைந்தது. உப்பு வரியின் கொடுமையைப் பேசும் நூல்கள் வேதாரண்யத்தை நினைவுகூர்வது முறையே. எனினும் உள்நாட்டு ஏழையின் சட்டியில் விழும் கருவாட்டின் தரத்தையே அவ்வரி கெடுத்தது என்பதற்கும் அந்நூல்களில் இடம் இருந்தாக வேண்டும்.

குழம்பின் மற்றப் பொருள்களுக்கு வயது வேறு வேறு. கத்தரிக்காயும் மொச்சையும் இந்நாட்டில் தொன்மையானவை. புளி பண்டே வேரூன்றியது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவிற்குள் வந்தது; அதற்கு முன் உறைப்பு மிளகுக்கே உரியது. வேம்பார் உள்ளிட்ட முத்துக்குளித்துறை ஊர்கள் போர்த்துகீசியத் தொடர்புக்கு உள்ளானதும் அதே நூற்றாண்டில்தான். வந்த செடி இந்த மானாவாரி மண்ணில் எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பதற்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயே சான்றாகும். தக்காளி மிகப் பிந்தியது. பழைய கைப்பக்குவத்தில் அதற்கு இடமில்லை. தேங்காயும் அரிதே, தென்னைக்கு வேண்டிய நீர் இங்கில்லாததால்.

ஒரே சட்டியில் ஆக்கும் முறைக்குக் காரணம் அடுப்பில் இருக்கிறது. பருத்தி எடுத்து முடிந்த பின் பிடுங்கிக் காயவைக்கும் பருத்திமாரே கரிசல் வீடுகளின் நெடுநாளைய விறகு. அது சடசடவென்று எரிந்து விரைவில் அணைந்துவிடும். ஆகவே, ஊறவைத்த மொச்சை முதலில் வேக, அதன் மேல் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர, புளிக்கரைசலும் மிளகாய், மல்லி அரைப்பும் ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, கடைசியில் கருவாட்டைப் போட்டுத் தீயை விட்டுவிடுவார்கள். எஞ்சிய வேலையை மண்சட்டி தன் சூட்டினாலேயே முடித்துக்கொள்ளும். நல்லெண்ணெயும் தாளிப்பும் இறக்கும் நேரத்தில்தான் சேரும். தண்ணீரும் விறகும் கழுவ வேண்டிய பாத்திரமும் ஒருங்கே மிச்சமாகும் இம்முறை, குடத்தைச் சுமந்து நெடுந்தொலைவு நடந்த பெண்களின் கணக்கில் உருவானது.

உடல்நலம் கருதுவோர்க்கு இக்குழம்பில் தயக்கம் தருவது உப்பு ஒன்றே. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உப்பிட்ட சீலாத் துண்டு சில போதும், அந்த அளவை எட்டிவிட. இதற்கு மாற்று வட்டார வழக்கிலேயே இருக்கிறது. உப்பிடாது உலர்த்திய நெத்திலியைத் தலை கிள்ளி, வெந்நீரில் மணல் போக இரண்டு மூன்று முறை அலசிப் போடுவதும், உப்புக் கருவாடாயின் வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடுவதும், குழம்பு கொதித்துக் கருவாட்டின் உப்பு இறங்கிய பின் ருசி பார்த்தே உப்புச் சேர்ப்பதும் பழகிய கைகள் செய்பவை. நெத்திலி முள்ளோடு உண்ணப்படுவதால் புரதத்தோடு சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. மணலில் பரப்பாமல் தரைக்கு மேலே கட்டிய வலைப்பரண்களில் உலர்த்திய நெத்திலி கிடைக்குமாயின், சற்று விலை கூடினாலும் அதையே வாங்குவது நன்று. குதிரைவாலிச் சோற்றுக்கும் கம்மங்களிக்கும் இக்குழம்பு நன்றாகப் பொருந்துகிறது.