தெருவைக் கேட்டு வரைவது

சுவரில் வரைகிறவனுக்குத் தனியறை கிடையாது. காகிதத்திலும் கான்வாஸிலும் வரைகிறவர்கள் படம் முடிந்த பிறகுதான் பார்வையாளரைச் சந்திக்கிறார்கள். எங்களுக்குச் சாரம் கட்டும்போதே கூட்டம் சேர்ந்துவிடும். பிரைமர் காய்வதற்குள் "என்ன படம் வரப்போகுது தம்பி?" என்று கேட்டுவிடுவார்கள். கட்டம் போட்டு அவுட்லைன் இழுக்கும்போது, மூக்கு கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று எதிரே டீக்கடை வாசலிலிருந்து ஒருவர் சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். அவர் நிற்கும் தூரத்திலிருந்துதான் முகம் முழுதாகத் தெரியும். சாரத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிற எனக்கு ஒரு கண்ணோ பாதி உதடோதான் தெரியும்.

யாரையும் கேட்காமல் வரைவதுதான் தெரு ஓவியனின் சுதந்திரம் என்று இளம் ஓவியர்கள் பலர் நம்புகிறார்கள். முத்திரை குத்திய அனுமதிக் கடிதம் இருந்தால் போதும் என்று அலுவலகங்கள் நம்புகின்றன. இரண்டு கணக்கிலும் ஒருவர் விடுபட்டுப் போகிறார். அந்தச் சுவருக்கு எதிரே குடியிருப்பவர், தினமும் அதைப் பார்த்தபடி வேலைக்குப் போகிறவர். அவரைச் சேர்த்துக்கொள்ளாமல் படைப்புச் சுதந்திரம் பற்றியும் பேச முடியாது, சுவர்ச் சட்டம் பற்றியும் பேச முடியாது என்பது இத்தனை வருடத் தொழிலில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம்.

நான் கை பழகியது ஒரு பேனர் கடையில். தேர்தல் வந்தால் மாஸ்டர் எங்களைச் சுவர் எழுத அனுப்புவார். சுண்ணாம்பில் வச்சிரமும் நீலமும் கலந்து வெள்ளை அடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதி 'ரிசர்வ்டு' என்று போட்டுவிட்டால் அந்தச் சுவர் அந்தக் கட்சிக்கு. வீட்டுக்காரரைக் கேட்கும் வழக்கம் அரிதாகவே இருந்தது. ஆனாலும் தமிழ்நாட்டின் அரசியல் சுவரில்தான் வளர்ந்தது. பத்திரிகை வாங்கக் காசில்லாதவரும் எழுத்துக் கூட்டிப் படித்தது சுவரைத்தான். சின்னம் எது, வேட்பாளர் யார், கூட்டம் எந்தத் திடலில் என்பதையெல்லாம் சொன்னது அதுதான். அந்த எழுத்தின் வளைவும் நிழல் விழும் முப்பரிமாண வெட்டும் எங்கள் தொழிலின் பெருமை.

இந்தச் சுவர்களுக்கான சட்டம் பழையது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளி உருக்குலைவுத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வையில் படும் இடங்களில் ஆபாசமான, வன்முறையைத் தூண்டும் விளம்பரங்களைத் தடுக்க வந்தது. பின்னாளில் அனுமதி பெறாத விளம்பரங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. எழுத்து, குறி, உருவம் எது இருந்தாலும் அந்தச் சட்டம் அதை விளம்பரமாகவே கொள்கிறது. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் ஒரு மூதாட்டியின் முகத்துக்கும் அங்கே தனித்தனி இடம் இல்லை. 2006 சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையம் இதைக் கையில் எடுத்துச் சுவர் எழுத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பலருக்கு அது நிம்மதி. கேட்காமல் எழுதப்பட்ட சுவரின் சொந்தக்காரர்கள் பட்ட எரிச்சல் நியாயமானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில்தான் பிளெக்ஸும் பரவியது. கையால் வரைந்த பேனரும் கட்அவுட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கடைகள் மூடின, கலைஞர்கள் வீட்டு பெயின்டிங் வேலைக்குப் போனார்கள். 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் சுவரொட்டிகளைத் தடைசெய்து, அவை மறுபடி ஒட்டப்படாமல் இருக்கச் சுவர்களில் ஓவியம் தீட்ட முடிவெடுத்தபோது, அந்த வேலை பேனர் கலைஞர்களுக்கு வந்தது. மாமல்லபுரம், பரதநாட்டியம், ஜல்லிக்கட்டு, அருவி, மயில் என்று வரைந்தார்கள். நடிகர் முகத்தை நாற்பதடிக்கு ஏற்றிய கைகளுக்கு மறுபடி சுவர் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சுவர்களில் சென்னைக்காரர் எவரும் இல்லை. மீன் விற்கும் பெண், துப்புரவுப் பணியாளர், ரிக்‌ஷா இழுத்த கிழவர் யாரும் இல்லை. போஸ்டரை விரட்ட வைத்த காவலாகத்தான் ஓவியம் அங்கே இருந்தது.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். பொது இடத்தில் ஒன்றை நிறுத்துகிறவன் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு அதைவிட வலிக்கும் பாடம் வேண்டாம். உயிருக்கு ஆபத்தில்லாமல் பார்த்துக்கொள்வதும், அடுத்தவர் சுவரை அவர் அறியாமல் எடுத்துக்கொள்வதைத் தடுப்பதும் சட்டத்தின் வேலை. சுவர் என்ன பேசலாம் என்று தீர்மானிப்பது அதன் வேலை ஆகாது.

அதே 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் நடந்ததை நான் மறக்கவில்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்து வைத்து, பிறகு விடுவித்தது. அனுமதி பெறவில்லை என்பது காரணம். வாசலுக்கு வெளியே கோலம் போடும் இடம் பெரும்பாலும் மாநகராட்சியின் சாலை. தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் விடியற்காலையில் அதில் வரைகிறார்கள், எவரும் கடிதம் கேட்டதில்லை. புள்ளியும் இழையும் இருந்தவரை அது பண்பாடு. அதற்குள் ஒரு கருத்து வந்த அன்று அதற்கு அனுமதி தேவைப்பட்டது. மறுநாளே தமிழ்நாட்டின் பல வாசல்களில் அதே எதிர்ப்பு வாசகத்தோடு கோலங்கள் மலர்ந்தன. கோலமாவும் விரலும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் எனக்குச் சொல்லித் தந்தது பெரிது. அழகுபடுத்துவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. அழகோடு ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும்போதுதான் ஓர் ஊரில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பது தெரியவரும்.

ஓவியர்களாகிய நாங்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2020இல் கண்ணகி நகர் அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்கள் பெரிய ஓவியங்களாயின. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஒரு பெயின்ட் நிறுவனமும் அரசு அமைப்புகளோடு சேர்ந்து செய்த வேலை அது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்துக்கொண்டு வந்து 2000க்குப் பிறகு குடியேற்றப்பட்டவர்கள் வாழும் இடம். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் வருந்திய காலம் உண்டு. ஓவியங்கள் வந்தபின் வெளியூர்க்காரர்கள் தேடி வந்தார்கள், பத்திரிகைகள் வேறு மாதிரி எழுதின. அந்த மாற்றம் உண்மையானது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத வீட்டின் வெளிச்சுவரில் நான் நீலம் தீட்டும்போது, அந்த நீலம் உள்ளே இருப்பவருக்கு எதைச் சொல்லும் என்று யோசிக்கக் கடமைப்பட்டவன். படம் பார்க்க வருகிறவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். உள்ளே இருப்பவர் அங்கேயே இருப்பார்.

இதுபோன்ற வேறொரு அரசுக் குடியிருப்பில் வரைந்தபோது, மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "ஏம்ப்பா, பிளாக் நம்பர மறைச்சுட்டியே. நைட்ல ஆம்புலன்ஸ்காரன் எங்க வந்து நிப்பான்?" எங்கள் வரைபடத்தில் அந்த எண் ஒரு பழைய கறுப்புக் கறை மட்டுமே. அதை மறுபடி எழுதித் தருவது தனி வேலை என்று நினைக்காமல், படத்திலிருந்த பெண் பிடித்திருக்கும் குடத்தின் மேல் பெரிதாக எழுதினோம். தூரத்திலிருந்து பார்த்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுவே. அந்த அம்மாவின் கேள்வி என் கற்பனையைக் கட்டிப்போடவில்லை. நானாக யோசித்திருந்தால் அந்தக் குடத்தில் எண் வந்திருக்காது.

பிரேசிலின் சாவோ பாவுலோ நகரம் சுவர்ச் சட்டத்தில் வெகுதூரம் போய், வழியும் தவறியது. 2007இல் 'தூய்மை நகர்' சட்டம் அங்கே விளம்பரப் பலகைகளை அறவே நீக்கியது. வெறுமையான சுவர்களில் ஓவியம் பெருகியது. 2011இல் அந்நாட்டுச் சட்டம், சொந்தக்காரரின் சம்மதத்தோடு வரையும் சுவரோவியத்தைக் கிறுக்கலிலிருந்து பிரித்துக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. விளம்பரம் வேறு, ஓவியம் வேறு என்று சட்டத்தால் பார்க்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் 2017இல் புதிய மேயர் வந்ததும் 23 டி மாயோ பெருஞ்சாலையின் நீண்ட சுவரோவிய வரிசையில் பெரும்பகுதி சாம்பல் நிறத்தால் மூடப்பட்டது. மக்கள் கொதித்தார்கள். மேலிருந்து வந்த அனுமதியை மேலிருந்தே எடுத்துவிடவும் முடியும் என்பதை அந்தச் சாம்பல் நிறம் காட்டியது.

வரைந்தவனின் உரிமைக்கு நம் நாட்டிலும் ஒரு பிடிமானம் உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அவரைக் கேட்காமல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் 1992இல் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, படைப்பை விற்ற பிறகும் அதன் மாண்பு சிதையாமல் காக்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்று கூறி, மிச்சத்தைத் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அரசை எதிர்த்து ஒரு கலைஞர் பெற்ற தீர்ப்பு அது. என் படங்கள் நிலைத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சென்னை வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் எந்த எமல்ஷனும் சில வருடங்களுக்கு மேல் தாங்காது. அழிக்கும் முன் வரைந்தவருக்கும் அந்தத் தெருவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2022 முதல் தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. தெருவிளக்கும் வடிகாலும் பேசப்படும் அதே கூட்டத்தில் சுவரும் பேசப்படட்டும். எந்தச் சுவரில் வரையலாம், அதில் யார் முகம் வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்பதை அங்கே வாழ்பவர்கள் சொல்லட்டும். ஒவ்வொரு வார்டிலும் ஒரு சுவராவது எந்த அலுவலகமும் படத்தை முன்கூட்டிப் பார்க்காமல், எவரும் தன் கருத்தை வரையத் திறந்திருக்கட்டும். 1959 சட்டத்தில் ஓவியத்துக்கென ஒரு பிரிவைச் சேர்க்கட்டும். இவ்வளவும் நடந்தால் என் வேலை சுலபமாகிவிடாது. நூறு பேர் நூறு யோசனை சொல்வார்கள், சிலர் என் படமே வேண்டாம் என்பார்கள். அப்படி வேண்டாம் என்று சொல்ல முடிகிற தெருவில்தான் எனக்கு வரையப் பிடிக்கும். அங்கே கிடைக்கிற சம்மதத்தை வைத்துக்கொண்டு யார் முன்னாலும் நின்று, இதை நான்தான் வரைந்தேன் என்று என்னால் சொல்ல முடியும்.