குழந்தை நலப் படங்கள்

அக்காலத்தில் தோட்டத்திற்குத் தகவல் இலாகாவின் படவண்டி வந்தால் லயமே திடலில் கூடிவிடும். 1946இல் தொடங்கப்பெற்ற மலாயாத் திரைப்படப் பிரிவின் சுகாதாரப் படங்களைத் தமிழ்க் குரலிலும் காட்டினர். இன்று சிலிபினில் நாம் குழந்தை நலப் படங்களைக் கைத்தொலைபேசியிலேயே காண்கிறோம். அவற்றுள் மஞ்சள் காமாலையைப் பற்றியனவற்றைப் பெற்றோர் அவசியம் காணவேண்டும்.

பிறந்த குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு முதல் வாரத்தில் மேனி மஞ்சளிப்பதுண்டு. பெரும்பாலும் தானே மறையும். ஆனால் இரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் மிகுந்துவிட்டால் மூளை பாதிப்புற்றுச் செவிப்புலனும் கைகால் இயக்கமும் கெடும். மருத்துவமனையின் நீல ஒளிச் சிகிச்சை இதனைத் தடுக்க வல்லது. இளவெயிலில் காட்டினால் போதும் என்பர் நம் பாட்டிமார். அவர்தம் அன்பில் குறையில்லை. எனினும் வெயில் அச்சிகிச்சைக்கு ஈடாகாது.

நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி-6-பி-டி குறைபாடு உண்டா எனச் சோதிக்கின்றனர். அக்குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் வாடையே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலையைக் கடுமையாக்கக்கூடும். துணி அலமாரியில் அந்துருண்டை போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டே!

எங்களுக்கு ஒரு குறை. பல படங்களில் வருபவை வெளிர்நிறக் குழந்தைகள். நம் கருநிறக் கண்மணிகளின் தோலில் மஞ்சள் எளிதில் புலப்படாது. கண்ணின் வெண்மையையும் ஈற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். குழந்தை பால் குடியாமல் அயர்ந்து உறங்கினால், தாதியார் வீட்டிற்கு வரும் நாள்வரை காத்திராது அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.