கொக்கியின் வாய்

மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் சித்தப்பாவின் ஹைலக்ஸ் புதையாத வாரமில்லை. வின்ச் கம்பியின் முனையில் பழைய கொக்கி; அதன் நாக்கு வளைந்து, மூடாமல் கிடந்தது. "வாய் மேலே பார்த்திருக்கணும்டா. பிய்ச்சிக்கிட்டா மண்ணுல குத்தும்" என்பார்.

சென்ற விடுமுறையில், பொறியியல் படிக்கும் நான்தான் அவசரத்தில் தலைகீழாக மாட்டினேன். செம்பனை மரத்தில் கட்டிய பட்டையிலிருந்து கொக்கி விரிந்து கழன்று, சீறி வந்து முன்கண்ணாடியை உடைத்தது. உள்ளே சித்தப்பா. குனிந்திருந்ததால் பிழைத்தார். என்னைத் திட்டவில்லை; அதுதான் சுட்டது.

கடையில் நார் வளையம் காட்டினார்கள். இலேசானது, ஆனால் எங்களுடையது எஃகு வடம், உரசி அறுத்துவிடும். 3/4 அங்குல இரும்பு ஷேக்கல் வாங்கினேன். வேலைச் சுமை 4.75 டன். திருகாணியை முடுக்கிவிட்டால் வாய் திறக்காது.

நேரமாகிறது என்று சித்தப்பா முனகுகிறார். முனகட்டும்.