ஒரு சொல்லின் தள்ளாட்டம்

கல்லூரியிலே தாம் பெற்ற பயனைப் பற்றிப் பழைய மாணவர் ஒவ்வொருவரும் எழுதுதல் வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டுள்ளனர். பட்டமும் பதவியும் பெற்றோர் அவை பற்றி எழுதுவர். நான் பெற்றது ஓர் ஆங்கிலச் சொல். அதன் பொருளைக் காலம் பிந்தியே உணர்ந்தேன். அதுவும் அதற்குரிய விலையை வேறொருவர் கொடுத்த பின்னரே உணர்ந்தேன். ஆதலின் இக்கட்டுரையை ஒரு கடன் தீர்த்தலாகவே அன்பர்கள் கொள்ளல் வேண்டும்.

எங்கள் ஆங்கில ஆசிரியர் வேட்டியும் நாஷனலும் அணிந்து, வகுப்பறை மேடையிலே நடந்து காட்டியே சொற்பொருள் விளக்குவார். நிலையற்ற நடையைக் குறிக்கும் சொற்களை ஒருநாள் எடுத்துக்கொண்டார். தலைசுற்றியவன் போலச் சுழன்று காட்டி அது ‘ரீல்’ என்றார். முதியவர் போல நடுங்கி அடிவைத்து அது ‘டொட்டர்’ என்றார். நடைபழகும் குழந்தையின் நடை ‘டொடில்’. இருபுறமும் சாய்ந்தாடும் வாத்தின் நடை ‘வொடில்’. அலையிலே கப்பல் சரிவதுபோல் ஒரு பக்கம் திடீரெனச் சரிதல் ‘லேர்ச்’, அது மாலுமிகள் தந்த சொல் என்றார். ஈற்றில் ‘ஸ்டாகர்’ என்னுஞ் சொல்லுக்கு வந்தார்.

“இது பொல்லாத சொல். சுமையாலும் ஒருவன் இவ்வாறு நடப்பான், காயத்தாலும் நடப்பான், பசியாலும் நடப்பான், குடியாலும் நடப்பான். ஆகையால் இதனை எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால், வாசிப்பவன் தனக்கு வசதியான காரணத்தை எழுதிக்கொள்வான்” என்றார்.

அவர் நடையைக் கண்டு நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். சொன்னதைக் குறித்துக்கொண்டவர் எவருமிலர்.

1974 ஆம் ஆண்டில் எழுதுவினைஞர் வேலை கிடைத்துக் கொழும்பு சேர்ந்து, ஜிந்துப்பிட்டியிலே ஓர் அறையில் வசித்தேன். சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் மணியோசை அறைக்குள்ளே கேட்கும். துறைமுகத்திலும் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலும் மூட்டை சுமக்கும் நாட்டாமிகள் பலர் அயலிலே குடியிருந்தனர். எனக்கு ஆங்கிலம் தெரியுமென அறிந்ததும், மாலை வேளைகளில் மனு எழுதுவிக்க வரலாயினர். காசு வாங்குவதில்லை, ஆயினும் கர்வம் வாங்கிக்கொண்டேன்.

அவர்களுள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முழங்காலிலே கட்டுடன் ஒருநாள் வந்தார். ஒன்றரை அந்தர் மூட்டையைத் தோளிற் சுமந்து லொறியிலிருந்து இறங்குகையில் விழுந்தாராம். “தள்ளாடி விழுந்துட்டேன் தம்பி” என்றார். ‘ஸ்டாகர்’ என்னுஞ் சொல் உடனே நினைவுக்கு வந்தது. ‘மனுதாரர் தள்ளாடி வீழ்ந்தார்’ எனக் கம்பீரமான ஆங்கிலத்திலே ஒரே வாக்கியமாக எழுதிக் கொடுத்தேன்.

சில வாரங்களின் பின் எதிர்த்தரப்பின் மறுமொழி வந்தது. மனுதாரர் தள்ளாடியதை அவர்தம் மனுவே ஒப்புக்கொள்கின்றது. ஆகவே அவர் மதுபோதையில் இருந்திருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கோரியவருக்கு இது பேரிடி. குடிவெறியினால் நேர்ந்த காயமென்று நிறுவப்பட்டால் அவர் கோரிக்கை நில்லாது.

கந்தசஷ்டிக்கு ஆறுநாளும் உபவாசமிருக்கும் மனிதர் அவர். கடிதத்தை எவரோ வாசித்துச் சொல்ல, அதைக் கையிற் பிடித்தபடி என் வாசலில் வந்து நின்றார். “தம்பி, நான் குடிச்சேன்னு நீங்களா எழுதினீங்க?” என்று கேட்டார். அக் கேள்வியிலே கோபம் இருந்திருப்பின் தாங்கியிருப்பேன். அதில் இருந்தது வியப்பு மட்டுமே.

விசாரணைக்கு அவருடன் நானும் சென்றேன். மனுவை எழுதியவன் நானே என்றும், சொல் என்னுடையதே என்றும் கூறினேன். விசாரித்த அதிகாரி ஒரே வினா வினாவினார்: “இவர் பலகையில் ஏறுமுன் தள்ளாடினாரா, ஏறிய பின்பா?” நான் திகைத்தேன். என் மனுவிலே பலகை என்ற ஒன்றே இல்லை. அவரிடம் தமிழிற் கேட்டேன். “மூட்டையோட கால் வச்சதும் பலகை ஆடிச்சு. பலகை ஆடினதால நானும் ஆடினேன்” என்றார். கூட வேலை செய்த இருவரும் அவ்வாறே சாட்சி கூறினர்.

நட்டஈடு கிடைத்தது, ஆயினும் பல மாதம் பிந்தியே கிடைத்தது. அம்மாதங்களில் அவர் மனைவியார் இடியப்பம் அவித்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். அவ்வடுப்பின் புகையிலே என் ஆங்கிலத்துக்கும் பங்குண்டு.

பின்னாளில் இவ்விடயத்தைப் பலகாலும் சிந்தித்தேன். ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டு சென்னையிலே சூடாமணி நிகண்டினை உரையுடன் அச்சிட்டார். மூன்றாண்டு கழித்து, 1852 இல், இலண்டனிலே ரோஜே என்பவரின் ஒருபொருட் சொற்கோவை வெளிவந்தது. இரண்டும் பெருஞ் செல்வங்களே. ஆனால் சொற்களை வரிசையிலே நிறுத்துவது நூலின் பணி. அவற்றுள் தகுந்ததைத் தேர்வது நம் பணி.

தமிழிலும் இவ் வேறுபாடுகள் நுட்பமானவை. அலமரல், தெருமரல் என்னும் இரண்டுக்கும் சுழற்சியே பொருளெனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறுவர். குழந்தையின் நடை தளர்நடை. கண்ணனின் தளர்நடையைப் பெரியாழ்வார் ஒரு பதிகமாகவே பாடினார். முதியோரைத் தள்ளாத வயதினர் என்கிறோம். குடத்து நீரும் துணிவில்லா மனமும் தளம்பும். காலும் தடுமாறும், கருத்தும் தடுமாறும். செட்டியார் தெருவிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் புறப்படும் ஆடிவேல் தேரோ ஆடி அசைந்து வரும். அதனைத் தள்ளாடி வருகின்றதென்று எவரேனும் கூறுவாரா? அசைவு ஒன்றுபோலத் தோன்றினும் காரணம் வேறு. காரணம் வேறாகவே பெயரும் வேறாயிற்று.

இன்றைய மாணவர்க்கு ஒரு சொல்லுக்கு இருபது சொற்களைக் கைத்தொலைபேசியே நொடியில் எடுத்துத் தருகின்றது. நல்லதே. ஆயினும் மற்றொருவரின் துன்பத்தை எழுத நேருங்கால், ‘எவ்வாறு நடந்தார்’ என எழுதுமுன் ‘ஏன் அவ்வாறு நடந்தார்’ என அவரையே ஒருமுறை கேட்டுவிடுங்கள். எங்கள் ஆசிரியர் மேடையிலே நடந்து காட்டியதும் இதுவே.

சில ஆண்டுகளின் பின், கந்தசஷ்டி நாளொன்றிலே அப்பெரியவர் கோயிலுக்குள் நுழைவதைக் கண்டேன். அவர் நடைக்கு எச்சொல் பொருந்துமென மனம் பழக்கத்தினால் தேடிற்று. பிறகு தேடலை நிறுத்திக்கொண்டேன். முழங்கால் நோவினால், சுவரைப் பிடித்தபடி, மெல்ல நடந்தார்.