அப்பாயியின் நோவும் என் சிங்களமும்

ஹட்டன் ஸ்டேசன் என்று யாராவது பேச்செடுத்தாலே அப்பாயிக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போக நேர்ந்த தன் தங்கச்சியை அங்கேதான் கோச்சி ஏற்றிவிட்டாள். தலைமன்னார் போய், கப்பலேறி இராமேஸ்வரம். அதற்கப்புறம் அக்காளும் தங்கச்சியும் முகம் பார்க்கவேயில்லை. இஸ்தோப்பில் குந்தி, கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் வெற்றிலை மடித்தபடி, அந்த நாளை அவள் ராகம் போட்டுத்தான் சொல்வாள். பேச்சு எந்த இடத்தில் ஒப்பாரியாக மாறியது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்து லயத்தில் யாரும் அவளை அடக்க மாட்டார்கள். பக்கத்துக் காம்பராக்காரி வந்து உட்கார்ந்து, தானும் ஓர் அடி எடுத்துக் கொடுப்பாள்.

எனக்குச் சிங்களம் வந்தது கடைவீதியில்தான். மிச்சத்தைக் கிராமத்துப் பிள்ளைகளோடு எல்லே விளையாடிக் கற்றேன். மிச்சக்காசு கேட்கலாம், பஸ் விசாரிக்கலாம், சண்டைகூடப் போடலாம். வீட்டில் வேறு யாருக்கும் அந்தளவு தெரியாது என்பதால், எங்கே போனாலும் பெரியவர்கள் என்னை முன்னால் நிறுத்தினார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். அப்பாயிக்கு நெஞ்சு நோவு. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்துக்குக் கேட்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் நல்ல மனிதர். அவள் கையைப் பிடித்தபடியே, "கொஹெத ரிதென்னே?" என்றார். எங்கே நோகுது என்று நான் கேட்டதும் அப்பாயி ஸ்டேசனிலிருந்து தொடங்கினாள். "நெஞ்சுக்குள்ள என்னமோ கெடந்து அறுக்குது சாமி. அவ போன நாளையிலேருந்து உசிரு அந்தரிச்சே கெடக்கு. ராவுல கண்ண மூடுனா கோச்சிச் சத்தந்தான்..." சொல்லச் சொல்ல அழுகை கூடியது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

நெஞ்சு நோகுதாம், ராத்திரியில் தூக்கமில்லையாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

"இம்புட்டு நேரம் பேசினேனே, நீ அம்புட்டுத்தானா சொன்ன?" என்றாள் அப்பாயி.

அங்கே எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. அன்று இரவு, அவள் சொன்னதை அப்பாவிடம் அப்படியே தமிழில் சொல்லத் தொடங்கியபோது பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. கற்ற மொழி அழாமல் பேச உதவுகிறது. ஆனால் அழ வேண்டியவளுக்கு அது போதவில்லை.

மடகும்புரத் தோட்டத்தில் பிறந்து 1947இல் பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் துயரத்தை ஆங்கிலத்தில் கவிதையாக்கி உலகத்துக்குச் சொன்னவர். அவரே மலைநாட்டு மக்களின் தமிழ்ப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ஆங்கிலம் அவ்வளவு கைவந்தவருக்கும் அந்தத் தமிழ் ஏன் வேண்டியிருந்தது என்று அப்பாயியோடு இருந்த எனக்குத் தெரியும்.

நான் அந்த டாக்டரின் மேசையருகே நின்ற காலத்தில் சிங்களம் மட்டுமே அரச கரும மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தச் சட்டம் நோயாளியின் கட்டில்வரை வந்து சேர வேண்டும். மலையகத்தின் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும், எந்த நேரத்திலும், தமிழ் பேசும் தாதி ஒருவராவது இருக்கட்டும். ஒரு கிழவியின் நோவை எடுத்துச் சொல்லும் பாரத்தைப் பள்ளிப்பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.