படிக்கல்லில் ஒரு பள்ளம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் சத்தமே இருக்காது. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் சுவரில் துளை போடக் கூடாது, புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது, காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடக் கூடாது. டூசல்டார்ஃபுக்கு வந்த புதிதில் இந்த அமைதி எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அந்த அமைதியில்தான் நான் கத்தி தீட்டுகிறேன்.

கல்லைத் தண்ணீரில் மூழ்க வைத்தால் குமிழி குமிழியாக விடும். குமிழி நின்றால் கல் குடித்து முடித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் பிடிக்கும். செய்ய வேறு வேலை இருக்காது. அந்த நேரத்தில் காது தானாக வேறொரு தெருவுக்குப் போய்விடுகிறது.

"சாணை புடிக்கறதேய்... கத்தி, கத்திரி, அருவாமணை, சாணேய்..."

பரமத்தி வேலூரில் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீடு இருந்த தெரு அது. 1980-களின் கடைசி. அந்தக் குரல் தெருமுனையில் கேட்டதும் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். உங்கள் ஊரிலும் ஒரு குரல் வந்திருக்கும். அவர் சொன்ன வார்த்தைகள் மறந்திருக்கலாம்; கடைசி எழுத்தை இழுத்த விதம் மறந்திருக்காது. எங்கள் ஊர்க்காரர் 'ணேய்' என்பதை மேலே ஏற்றி, அப்படியே காற்றில் விட்டுவிடுவார். இறக்க மாட்டார். அது இறங்கிய இடம் எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சைக்கிளை வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். பின்சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட், ஹேண்டில்பார் பக்கம் பொருத்திய கல் வரைக்கும் போகும். சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் சைக்கிள் நகராது, கல் சுழலும். முதலில் 'ர்ர்' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம். இரும்பு பட்டதும் அது கீச்சென்று உயரும். பொறி பறக்கும். நாங்கள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்போம். பொறி கையில் விழும், சுடாது. அத்தனை வெளிச்சமாக வருவது கையில் பட்டதும் ஒன்றுமில்லாமல் போவது எப்படி என்பதுதான் எங்களுக்கு அந்த வயசின் பெரிய அதிசயம்.

தீட்டி முடித்ததும் கத்தியின் வாயைத் தன் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மொண்ணை. கவ்வினால் பதம். இன்றைக்கு நானும் அப்படித்தான் பார்க்கிறேன். காகிதத்தை வெட்டிப் பார், தக்காளித் தோலில் வைத்துப் பார் என்று எத்தனையோ வழி சொல்கிறார்கள். நகத்துக்குத் தெரிவதுபோல வேறெதற்கும் தெரிவதில்லை.

ஆனால் சாணைக்காரர் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் அம்மாயி இருந்தார்.

சாணை பிடிப்பது வேறு, தீட்டுவது வேறு. சாணை இரும்பைத் தின்று புது வாய் எடுக்கும். தீட்டுவது, இருக்கிற வாயைக் கெடாமல் காப்பது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான் இங்கே வந்து இரண்டு நல்ல கத்திகளைப் பாழாக்கினேன். அம்மாயிக்கு அதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை. கொல்லைப்புறம் இறங்கும் இடத்தில் ஒரு கருங்கல் படி இருந்தது. பாத்திரம் கழுவிய கையோடு அந்தப் படியில் குந்தி, ஒரு கை தண்ணீரைத் தெளித்து, காய்க்கத்தியையும் பண்ணருவாளையும் தேய்ப்பார். ஸ்ஸ்க், ஸ்ஸ்க், ஸ்ஸ்க். பிறகு திருப்பிப் போட்டு அதே கணக்கில். வயற்காட்டில் அப்புச்சிக்கு, அம்மாயியின் கணவருக்கு, தீட்டுமரம் இருந்தது. வெங்கச்சாங்கல் பொடியை அதன்மேல் தூவி அருவாள் தீட்டுவார். தீட்டின மரத்திலேயே பதம் பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்வது அந்த மரத்தைத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

அருவாமணையை மட்டும் படியில் தேய்க்க முடியாது. இரும்பு பலகையோடு நிற்கும். கல்தான் அதனிடம் போக வேண்டும். அதற்கென்று கார்போரண்டம் கல்லில் ஒரு துண்டு வைத்திருந்தார். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. பலகையில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, வாழைத்தண்டை அருவாமணையில் கொடுத்தால் வட்டம் வட்டமாக விழும், நூல் விரலில் சுற்றிக்கொள்ளும். அருவாமணையில் கத்தி நிற்கும், காய்தான் நடக்கும். இங்கே காய் கிடக்கிறது, கத்தி நடக்கிறது. முதல் வருஷம் முழுக்க என் கைக்கு இது புரியவே இல்லை.

எனக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்தது ஒரு மழைக்காலச் சாயங்காலம். நான் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். அம்மாயி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அழுத்தாத சாமி. கல்லு தானா எடுத்துக்கும். நீ கையைச் சாய்ச்சு மட்டும் புடி."

"எவ்வளவு சாய்ச்சுப் புடிக்கோணுங்க அம்மாயி?"

"சத்தத்தைக் கேளு. அது சொல்லும்."

இங்கே வந்த பிறகு எத்தனை வழி பார்த்திருப்பேன். முதல் மாசம், காபிக் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடிவிளிம்பில் தேய்த்தேன். ஊறுகாய் ஜாடியின் அடியில் அம்மா தேய்ப்பதைப் பார்த்த பழக்கம். பளபளப்புப் பூச்சு இல்லாத அந்தப் பீங்கான் வளையம் உருக்கை விடக் கடினம், அவசரத்துக்குக் கைகொடுக்கும். அப்புறம், கத்தியைச் செருகி இழுத்தால் போதும் என்ற கருவி ஒன்று. நாலே இழுப்பில் கத்தி கூராகிவிட்டது; எனக்கு அத்தனை சந்தோஷம். மூன்றே வாரத்தில் மறுபடி மொண்ணை. அதற்குள் இருக்கும் கார்பைடு நாக்குகள் இரும்பைச் சீவி எடுக்கின்றன, வாயைப் பிய்த்து விடுகின்றன. மின்சாரத்தில் ஓடுவதும் ஒன்று வாங்கினேன். அவசரக்காரன் கையில் கொடுத்த சாணை மாதிரி அது. நீளமான இரும்புக் கம்பியில் இப்படியும் அப்படியும் வீசுவார்களே, அது தீட்டுவதே இல்லை. மடங்கிய வாயை நிமிர்த்தி விடும், அவ்வளவுதான். நல்ல வாய் இருக்கிற கத்திக்கு அது வேண்டும். மொண்ணைக் கத்திக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கடைசியில் வந்து நின்றது கல்லில்தான். டூசல்டார்ஃபில் ஜப்பானியர்கள் நிறைய. இம்மர்மன் தெரு முழுக்க அவர்கள் கடைகள். அங்கே ஒரு கடையில் தண்ணீர்க் கல் வாங்கினேன். ஒரு பக்கம் சொரசொரப்பான 1000, மறுபக்கம் நைசான 6000. உங்கள் வீட்டிலும் மொண்ணைக் கத்தியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தால் இதையே வாங்குங்கள் என்பேன். 1000 போதும், 6000 ஆசைக்கு. ஜெர்மன் கத்தியைச் சுமார் 20 டிகிரி, ஜப்பான் கத்தியை 15 டிகிரி சாய்க்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். விரலால் கத்தியின் வாயிலிருந்து வெளிப்பக்கமாக வருடினால் தட்டுப்படும். அடிமுதல் நுனிவரை அந்தப் பிசிறு வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். கடைசியில் கையை இலேசாக்கி, மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை எடுத்துவிட வேண்டும். கல்மேல் ஊறும் சேற்றைக் கழுவிவிடக் கூடாது, அதுதான் வேலை செய்கிறது.

இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாயி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அதே மாசம் ஜெர்மன் கல் ஒன்றையும் வாங்கினேன். அதன் பெட்டியில் 'எடெல்கொருண்ட்' என்று போட்டிருந்தது. எடெல் என்றால் உயர்ந்த ரகம். கொருண்ட்? அகராதியைப் புரட்டினேன். தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று இருந்தது. குருந்தம். சாணைக்கல் செய்ய அரக்கோடு சேர்த்த அதே குருந்தக்கல்! இயற்கைக் கனிமங்களில் வைரத்துக்கு அடுத்தபடியான கடினம். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, சித்தம்பூண்டிப் பாறையில் அது கிடக்கிறது. சந்திரயான் சோதனைக்கு நிலவு மண் மாதிரியாக இஸ்ரோ எடுத்துப் போனது அந்தப் பாறையைத்தான். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். நான் விட்டு வந்தது எனக்கு முன்னாலேயே இங்கே வந்து, பேரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அம்மாயியிடம் சொல்ல வேண்டும் என்று கை போனைத் தேடியது. அப்புறம்தான் நினைவு வந்தது.

பக்கத்து ஊர் சோலிங்கன். கத்திக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்ப் பேரை எவரும் தன் சரக்கில் இஷ்டத்துக்குப் பொறிக்கக் கூடாதென்று 1938-லேயே சட்டம் போட்டார்கள். அங்கே வுப்பர் ஆற்றங்கரையில் விப்பர்கோட்டன் என்ற பழைய சாணைப் பட்டறை இன்னும் இருக்கிறது. ஆற்று நீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் கல்லைச் சுற்றும். முன்பெல்லாம் மணற்கல்லின் தூசியைச் சுவாசித்துச் சாணைக்காரர்கள் நெஞ்சு நோயில் சீக்கிரம் செத்துப்போனார்கள். அதைக் கேட்டபோது எங்கள் தெருச் சாணைக்காரர் அடிக்கடி இருமியது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. மோர் கேட்டு வாங்கிக் குடிப்பார், இருமுவார், அருவாமணைக்கு ரெண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். அவர் பேரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான் போயிருந்த அன்று பட்டறைக்குள் கல் சுழல ஆரம்பித்தது. 'ர்ர்' என்று அதே அடித்தொண்டைச் சத்தம். கூட வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் தெருவுக்கும் ஒருவர் தள்ளுவண்டியில் கல்லோடு வருவாராம், மணி அடித்துக்கொண்டு. எண்பது வயதுக்கு மேலானவர். அந்த மணிச் சத்தத்தை நாக்கால் அடித்துக் காட்டினார். நான் 'சாணேய்' என்று மெல்லச் சொல்லிக் காட்டினேன். கல் சுழன்றுகொண்டே இருந்தது. அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

என் கத்தி இப்போது நன்றாகவே வெட்டுகிறது. வெங்காயம் கண்ணாடி மாதிரி விழுகிறது. கண்ணில் அவ்வளவாகத் தண்ணீர் வருவதில்லை. மொண்ணைக் கத்தி நசுக்குவதால்தான் அந்தக் காரம் அத்தனை தெறிக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மாயி பேசியவை எல்லாம் என்ன ஆயின? பேச்சு வேண்டாம், அந்தக் குரலின் கரகரப்பு மட்டும் போதும். சாமி என்று கூப்பிட இங்கே யாருமில்லை.

அம்மாயி போன மறுவருஷம் வீட்டை விற்றார்கள். அருவாமணை பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிவிட்டது. தேய்ந்து தேய்ந்து மூன்றாம் பிறைபோல ஆகியிருந்தது. எடைக்கு என்ன தேறியிருக்கும். போன வாரம் போனில் பேசும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தக் கொல்லைப் படிக்கல்லு இருக்குதுங்களா?"

"வாங்குனவங்க பின்னால பூரா காங்கிரீட் போட்டுட்டாங்க கண்ணு."

"கல்லை எடுத்துட்டுப் போட்டாங்களா?"

"எடுக்கல. மேலயே போட்டுட்டாங்க. அடியிலதான் கெடக்குது."

அந்தப் படியின் நடுவில், அம்மாயி தேய்த்த இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்து ஓய்ந்தால் அதில் தண்ணீர் நிற்கும். ஒரு மைனா வந்து குடிக்கும்.

இந்த ஞாயிறு என் கல்லின்மேல் ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் ஸ்கேல் கல்லைத் தொட்டது. நடுவில், ஒரு தாளின் கனத்துக்கு, வெளிச்சம் வந்தது.