எல்லோருக்கும் 9.8... அவளுக்கு மட்டும் 9.64!

ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர். 1983-ல் எடை, அளவுகளுக்கான சர்வதேச மாநாடு இதை நிலையான எண்ணாக அறிவித்துவிட்டது. அதற்கு முன்பு அளந்தவர்களின் விடைகளை வரிசையாக அடுக்கினால் ஒரு வேடிக்கை தெரியும்.

1926-ல் மைக்கேல்சனுக்கு 2,99,796 வந்தது. ஆனால், 1928 முதல் 1941 வரை வெவ்வேறு முறைகளில் அளந்தவர்களின் முக்கியமான விடைகள் 2,99,768-க்கும் 2,99,778-க்கும் இடையிலேயே நின்றன. 1941-ல் பிர்ஜ் என்ற அமெரிக்க இயற்பியலாளர், ‘2,99,776, முன்னே பின்னே போனால் 4’ என்று கணக்கிட்டார். உண்மையான எண்ணோ 16 தள்ளி இருந்தது. ‘ஒளியின் வேகமே குறைகிறதோ’ என்றுகூட அந்தக் காலத்தில் எழுதினார்கள். ஒளி குறையவில்லை. முந்தையவரின் எண்ணோடு விடை ஒத்துப்போனதும், தப்பைத் தேடுவதை நிறுத்திவிடுகிற மனித குணம்தான் காரணமோ என்பது பின்னால் வந்தவர்களின் சந்தேகம்.

கொடுமுடியில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், பிளஸ் ஒன் படிக்கும் பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. தனி ஊசல் சோதனையில் புவிஈர்ப்பு முடுக்கம் வகுப்பில் எல்லோருக்கும் 9.8. அவளுக்கு மட்டும் 9.64.

“மார்க் போயிருமுங்க அப்புச்சி. கடைசி வரியை மட்டும் மாத்திக்கட்டுங்களா?”

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஆறு அளவீடுகளும் குறைவாகவே இருந்தன.

“அங்கிட்டும் இங்கிட்டும் சிதறியிருந்தா சராசரி சரி பண்ணீரும் அம்மிணி. எல்லாமே ஒரே பக்கம் சாஞ்சிருந்தா, நூறு தடவை அளந்தாலும் சராசரியும் சாஞ்சுதான் நிக்கும். நூலை எதுவரைக்கும் அளந்தே?”

“குண்டோட மேல்முனை வரைக்குமுங்க.”

குண்டின் மையம் வரை அளந்திருக்க வேண்டும். மறுநாள் பள்ளியில் அளந்து பார்த்தாள். குண்டின் விட்டம் 2 சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு நீளத்திலும் 1 சென்டிமீட்டர் விடுபட்டிருக்கிறது. சேர்த்துப் போட்டதும் 9.78 வந்தது. 9.8 வந்த தோழிகளில் எத்தனை பேர் குண்டை அளந்தார்கள் என்று விசாரித்தாள். யாருமே இல்லை.

ரெக்கார்டு நோட்டில் 9.64-ஐ அழிக்காமல், காரணத்தை எழுதி, கீழே 9.78-ஐயும் எழுதினாள். அடித்துத் திருத்தியதற்காக ஒரு மார்க் போனது. அப்புச்சியிடம் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மியதாம்.

அடுத்த சோதனைக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். அளந்து முடிக்கும்வரை, புத்தகத்தில் விடை இருக்கும் பக்கத்தைத் திறக்கவே போவதில்லை.